கன்ட்ரோல் லூப் ஆடும்போது கெயினைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 11 கேவி பஸ் ஒன்றில் (பல கருவிகள் இணையும் பொது மின்முனை) ஏவிஆர், அதாவது வோல்டேஜைத் தானாகச் சீராக்கும் கன்ட்ரோலர், உள்ள ஒரு சிங்க்ரனஸ் ஜெனரேட்டரும் ஒரு சோலார் இன்வெர்ட்டரும் இருக்கின்றன. இன்வெர்ட்டர் ஆவரேஜ் மாடல் (ஒவ்வொரு சுவிட்சிங்கையும் காட்டாமல் சராசரியை மட்டும் எடுப்பது): உள்ளே கரன்ட் லூப், வெளியே பஸ் வோல்டேஜைப் பிடிக்கும் பிஐ லூப், அதாவது பிழையைப் பெருக்கியும் காலப்போக்கில் கூட்டியும் வெளியீடு தரும் கன்ட்ரோலர். சிமுலிங்க் என்ற சிமுலேஷன் மென்பொருளில் ஓடவிட்டதும் அல்ஜிப்ரெயிக் லூப்பைத் (கீழே விளக்குகிறேன்) தீர்க்க முடியவில்லை என்று நின்றது. வோல்டேஜ் அளவீட்டுக் கோட்டில் ஒரு யூனிட் டிலே (கணினியின் ஒரு கணக்கு ஸ்டெப் அளவு தாமதம்) வைத்ததும் ஓடியது. ஆனால் 0.2 வினாடியில் இன்வெர்ட்டரை இணைத்தவுடன் வோல்டேஜ் ஆடுகிறது, கன்ட்ரோலர் லிமிட்டில் போய் ஒட்டிக்கொள்கிறது. டைம் ஸ்டெப்பை (ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையிலான நேரத்தை) மாற்றினால் ஆட்டத்தின் வேகமும் மாறுகிறது. அதே ஜெனரேட்டரை ஆர்எம்எஸ் மென்பொருளில் (அலை வடிவத்தை விட்டு அதன் அளவை மட்டும் பெரிய ஸ்டெப்பில் கணக்கிடுவது) போட்டால் தொடக்க நிலை சந்தேகத்துக்குரியது என்று செய்தி வருகிறது. கெயினை, அதாவது கன்ட்ரோலர் பிழையைப் பெருக்கும் எண்ணை, குறைத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. இப்போதைக்குக் கெயினைத் தொடவே வேண்டாம். கெயினைக் குறைத்தால் திரையில் கோடு அமைதியாகிவிடும், நீங்களும் அடுத்த வேலைக்குப் போய்விடுவீர்கள், தவறு மட்டும் மாடலுக்குள் அப்படியே இருக்கும். பின்னால் அந்த மாடலை வைத்து யாராவது ரிலே செட்டிங் முடிவு செய்வார்கள். அதனால் முதலில் ஒன்றே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஆடுவது உங்கள் கன்ட்ரோலா, கணினி போடும் கணக்கா? இவற்றுக்கு மருந்து வேறு வேறு. ஒன்றுக்கானதை மற்றொன்றுக்குக் கொடுத்தால் சில சமயம் குணமானது போலவே தெரியும், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

பிரித்துப் பார்க்கும் சோதனை எளிது. மற்ற எதையும் மாற்றாமல் டைம் ஸ்டெப்பை மட்டும் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். இரண்டு ஓட்டத்தின் கோடுகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வையுங்கள். அலைவின் அதிர்வெண்ணும் அது வளரும் வேகமும் அப்படியே இருந்தால் கோளாறு கன்ட்ரோலில். மாறினால் கணக்கில். உங்களுக்கு மாறுகிறது. ஆகவே முதல் பாதி விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

இன்னும் நெருங்கிப் பாருங்கள். ஆடும் இடத்தில் கோட்டைப் பெரிதாக்கி, ஒவ்வொரு ஸ்டெப்பின் மதிப்பும் தனிப் புள்ளியாகத் தெரியும்படி வையுங்கள். ஒரு புள்ளி மேலே, அடுத்தது கீழே, அடுத்தது மேலே என்று ரம்பப் பல் போல வந்தால், எந்த மின் அமைப்பிலும் அப்படி ஓர் அலைவு கிடையாது. அது ஸ்டெப்பின் நிழல். 50 மைக்ரோவினாடி ஸ்டெப்பில் அதன் அதிர்வெண் சரியாக 10 கிலோஹெர்ட்ஸ், 25 மைக்ரோவினாடியில் 20 கிலோஹெர்ட்ஸ். ஸ்டெப்பைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரட்டிப்பாகிறது என்றால் வேறு சாட்சி தேவையில்லை.

அது ஏன் வந்தது என்பதற்கு அல்ஜிப்ரெயிக் லூப் என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். ஒரு பிளாக்கின் வெளியீடு அதே நொடியின் உள்ளீட்டைச் சார்ந்திருக்கிறது. அந்த உள்ளீடு, சுற்றி வந்து, அதே நொடியின் அதே வெளியீட்டைச் சார்ந்திருக்கிறது. நடுவில் இன்டக்ரேட்டரோ ஃபில்டரோ இல்லை. எதை முதலில் கணக்கிடுவது? உங்கள் மாடலில் வட்டம் இப்படிப் போகிறது: அளந்த வோல்டேஜ், அதிலிருந்து பிழை, பிஐயின் நேர்விகிதப் பாகம், கரன்ட் ரெஃபரன்ஸ், ஆவரேஜ் மாடலில் உடனே அதே கரன்ட், கிரிட்டின் ரியாக்டன்ஸ் வழியாக உடனே வோல்டேஜ், மறுபடி அளவீடு. வட்டம் முழுக்க ஓர் இடத்தில்கூட நேரம் செலவாகவில்லை. நிஜ உலகில் அப்படி ஒரு வட்டம் இருக்கவே முடியாது. மென்பொருள் காட்டிய பிழைக்கு அதுதான் பொருள்: ஏதோ ஒரு தாமதத்தை மாடலில் விட்டுவிட்டீர்கள்.

நீங்கள் யூனிட் டிலே வைத்தீர்கள். எல்லோரும் முதலில் செய்வது அதுதான், மென்பொருளின் உதவிப் பக்கங்களும் அதைச் சொல்கின்றன. ஆனால் டிலே வைத்தால் என்ன நடக்கிறது என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். வட்டத்தின் மொத்தக் கெயின் 10, ரெஃபரன்ஸ் 1 என்று வைத்துக்கொள்வோம். சரியான விடை 10-ஐ 11-ஆல் வகுத்தது, அதாவது 0.909. டிலே வைத்த பின் ஒவ்வொரு ஸ்டெப்பிலும் முந்தைய ஸ்டெப்பின் வெளியீட்டை ரெஃபரன்ஸிலிருந்து கழித்து 10-ஆல் பெருக்குகிறோம். தொடக்கம் 0. முதல் ஸ்டெப்பில் 10. அடுத்ததில் மைனஸ் 90. அதற்கடுத்து 910. வெடித்துவிட்டது. கெயின் 1 என்றால் 1, 0, 1, 0 என்று காலம் முழுக்க ஆடும். கெயின் 0.5 என்றால் மெல்ல அடங்கி 0.333-இல் நிற்கும். கெயினைக் குறைத்தால் ஏன் 'சரியாகிறது' என்பது இப்போது தெரிகிறதா? கன்ட்ரோல் திருந்தவில்லை. நாம் செருகிய டிலே பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு வட்டத்தின் கெயின் 1-க்குக் கீழே இறங்கிவிட்டது, அவ்வளவுதான். உங்கள் வட்டத்தில் இந்தக் கெயின், பிஐயின் நேர்விகிதக் கெயினையும் கிரிட்டின் பெர் யூனிட் (அடிப்படை அளவின் பங்காகச் சொல்லும்) ரியாக்டன்ஸையும் பெருக்கினால் வருவது. கெயின் 10, ரியாக்டன்ஸ் 0.25 என்றால் 2.5. வெடிக்கத்தான் செய்யும்.

டிலே கூடாது என்பதில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய அளவில் இருக்க வேண்டும். நிஜ இன்வெர்ட்டரில் வோல்டேஜை அளக்கும்போது ஒரு ஃபில்டர் இருக்கிறது. கன்ட்ரோலர் ஒரு டிஜிட்டல் செயலி, ஒரு குறிப்பிட்ட இடைவெளியில்தான் கணக்குப் போடும். கணக்குக்கும் பல்ஸ் உருவாக்கத்துக்கும் சேர்த்துச் சுமார் ஒன்றரை சாம்பிள் தாமதம் என்று எடுப்பது வழக்கம். 10 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங் என்றால் அது 150 மைக்ரோவினாடி. உங்கள் கரன்ட் லூப்பும் கேட்டவுடன் கரன்டைக் கொடுத்துவிடாது, மூடிய நிலையில் ஏறக்குறைய 1 மில்லிவினாடி எடுக்கும். இவற்றை உள்ளபடி மாடலில் போடுங்கள், அல்ஜிப்ரெயிக் லூப் தானாக மறையும். மேலே சொன்ன 2.5 கெயின் வட்டத்தில் 1 மில்லிவினாடி ஃபில்டரைப் போட்டால், எளிய ஆய்லர் முறையில் (இந்த ஸ்டெப்பின் மாறும் வீதத்தை வைத்தே அடுத்த மதிப்பை எடுக்கும் கணக்கு முறை) பார்க்க வேண்டிய எண், ஸ்டெப்பை ஃபில்டரின் டைம் கான்ஸ்டன்டால் வகுத்து, கெயினோடு 1 கூட்டிய எண்ணால் பெருக்கியது. 50 மைக்ரோவினாடி, அதாவது 0.05 மில்லிவினாடியை 1-ஆல் வகுத்து 3.5-ஆல் பெருக்கினால் 0.175. எல்லை 2, அதைத் தாண்டினால் கணக்கு வெடிக்கும். வெகு தொலைவில் பத்திரமாக இருக்கிறது. கெயின் ஒரு துளியும் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஃபில்டருக்குப் பதில் டிலேயே வேண்டும் என்றால் அதன் விலையைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். தாமதம் தரும் கட்டப் பின்னடைவு (ஃபேஸ் லேக்), 360-ஐ அதிர்வெண்ணாலும் தாமதத்தாலும் பெருக்கினால் வரும் டிகிரி. 50 மைக்ரோவினாடிக்கு, 50 ஹெர்ட்ஸில் 0.9 டிகிரி, கவலையில்லை. 500 ஹெர்ட்ஸ் பேண்ட்விட்த் உள்ள கரன்ட் லூப்பில் 9 டிகிரி. அதே லூப்பில் தெரியாமல் மூன்று இடங்களில் டிலே சேர்ந்திருந்தால் 27 டிகிரி, ஃபேஸ் மார்ஜினில் (லூப் ஆடத் தொடங்கும் முன் மிச்சமிருக்கும் இடைவெளி) பாதி போய்விடும். பல பேர் சேர்ந்து கட்டிய மாடல்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன்: ஆளுக்கொரு டிலே, ஒவ்வொன்றும் ஒரு பிழைச் செய்தியை அடக்க வைத்தது.

இதில் மென்பொருள்கள் ஒன்றுபோல நடப்பதில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிமுலிங்க் வட்டத்தைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு ஸ்டெப்பிலும் திரும்பத் திரும்பக் கணக்கிட்டுத் தீர்க்க முயலும், முடியாதபோது நிற்கும். ஏடிபி என்ற மென்பொருளில் டாக்ஸ் என்ற கன்ட்ரோல் பகுதிக்கும் மின்சுற்றுக்கும் இடையில் எப்போதுமே ஒரு ஸ்டெப் தாமதம் உண்டு. பிஎஸ்கேட் மென்பொருளும் பிளாக்குகளை வரிசைப்படுத்தி, சுற்றி வரும் சிக்னலுக்கு முந்தைய ஸ்டெப்பின் மதிப்பை எடுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே ஒரு மென்பொருளில் பிழையே வரவில்லை, இன்னொன்றில் வருகிறது என்றால், வராத மாடல் சரி என்று எடுக்கக் கூடாது. அங்கே டிலே பேசாமல் உட்கார்ந்திருக்கிறது.

தீர்க்க முடியவில்லை என்ற செய்திக்கு இன்னொரு காரணமும் உண்டு, பலர் அதைத் தவறவிடுகிறார்கள். விடையே இல்லாமல் இருக்கலாம். கன்ட்ரோலர் பவரை வோல்டேஜால் வகுத்துக் கரன்ட் ரெஃபரன்ஸ் எடுக்கிறது என்று வைப்போம். டிசி சுற்றில் இதைப் பார்ப்பது எளிது. சோர்ஸ் 1 பெர் யூனிட், வழியில் ரெசிஸ்டன்ஸ் 0.2, லோடு நிலையான 1 பெர் யூனிட் பவர். கணக்குப் போட்டால் லோடு வோல்டேஜுக்கு இரண்டு விடைகள் வரும்: 0.724, 0.276. தொடக்க ஊகத்தைப் பொறுத்து மென்பொருள் எதில் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். 0.276-இல் உட்கார்ந்தால் அதன்பின் வருவது எல்லாமே பொய். இதே சுற்றில் பவரை 1.3 ஆக்கினால் விடையே கிடையாது, ஏனென்றால் அந்த லைனில் போகக்கூடிய உச்சபட்சம் 1.25. அப்போது வரும் பிழைச் செய்தி, இந்தப் பவரை இந்த லைனில் அனுப்ப முடியாது என்று சொல்கிறது. அங்கே டிலே வைத்து ஓட்டினால் மென்பொருள் ஓடும், வோல்டேஜ் எங்காவது போகும். வகுத்தல் உள்ள இடத்தில் வோல்டேஜுக்கு ஒரு கீழ் எல்லை வையுங்கள், ஃபில்டர் செய்த வோல்டேஜால் வகுங்கள். தொடக்க நொடியில் வோல்டேஜ் 0 என்பதால் வரும் வகுத்தல் பிழையும் அதோடு போகும்.

ஸ்டெப்புக்கு வருவோம். உங்கள் மாடல் ஆவரேஜ் மாடல், 50 மைக்ரோவினாடி போதும். பின்னால் சுவிட்சிங் மாடலுக்கு மாறினால் போதாது. சுவிட்சிங்கின் வேகத்தை நிர்ணயிக்கும் 5 கிலோஹெர்ட்ஸ் கேரியர் அலையின் ஒரு சுற்று 200 மைக்ரோவினாடி. அதில் நான்கே நான்கு புள்ளிகள் என்றால், பல்ஸின் அகலத்தை 25 சதவீதப் படிகளில்தான் மாற்ற முடியும். கன்ட்ரோலர் 41 சதவீதம் கேட்டால் 25 அல்லது 50 கிடைக்கும், கரன்ட் லூப் அந்த இடைவெளியை நிரப்ப ஓயாமல் ஆடும். இதைக் கன்ட்ரோல் கோளாறு என்று நினைத்துப் பிஐயைத் திருகி நாட்களைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள். 1 அல்லது 2 மைக்ரோவினாடிக்கு இறங்குங்கள், அல்லது சுவிட்ச் மாறும் நொடியை ஸ்டெப்புக்கு நடுவிலும் பிடிக்கும் இன்டர்போலேஷன் வசதியைப் பயன்படுத்துங்கள்.

ஆர்எம்எஸ் பக்கத்தில் ஸ்டெப் பெரியது, ஆபத்து வேறு விதம். 5 மில்லிவினாடி ஸ்டெப்பில் ஓடும் மாடலுக்குள் 2 மில்லிவினாடி ஃபில்டர் ஒன்றைப் போட்டால் என்ன ஆகும்? எளிய ஆய்லர் முறையில் ஒவ்வொரு ஸ்டெப்பிலும் பிழை மைனஸ் 1.5-ஆல் பெருக்கப்படும்: 1, மைனஸ் 1.5, 2.25, மைனஸ் 3.375. பிஎஸ்எஸ்-இ என்ற ஆர்எம்எஸ் மென்பொருள் பயன்படுத்தும் மாடிஃபைட் ஆய்லர் முறையில் 1.625-ஆல்: 1, 1.625, 2.64, 4.29. இங்கே குறி மாறவில்லை, ரம்பப் பல் தெரியாது, நிஜமாகவே சரிந்து விழுவது போலத் தெரியும் என்பதைக் கவனியுங்கள். ட்ரெப்பிசாய்டல் முறையில் மைனஸ் 0.11-ஆல், அதாவது உடனே அடங்கிவிடும். ஒரே ஃபில்டர், ஒரே ஸ்டெப், மூன்று முறைகளில் மூன்று முடிவுகள். ஆய்லர் போன்ற, முந்தைய மதிப்புகளை மட்டும் வைத்துக் கணக்கிடும் (எக்ஸ்ப்ளிசிட்) முறைகளில், மாடலில் உள்ள மிகச் சிறிய டைம் கான்ஸ்டன்ட் ஸ்டெப்பைப் போல நான்கைந்து மடங்காவது இருக்கட்டும். அதைவிடச் சிறியதை மாடல் அனுமதித்தால் 0 என்று கொடுத்துவிடுங்கள், பெரும்பாலான மாடல்கள் அதை வெறும் பெருக்கலாக எடுத்துக்கொள்ளும்.

மிகச் சிறியது எது என்பது டேட்டா ஷீட்டில் நேராகத் தெரியாது என்பதுதான் சிக்கல். ஒரு ஸ்டேட்டிக் எக்ஸைட்டர் (ஜெனரேட்டரின் ஃபீல்டுக்கு மின்சாரம் தருவது): கெயின் 200, அதன் டைம் கான்ஸ்டன்ட் 0.02 வினாடி, கூடவே ரேட் ஃபீட்பேக் (வெளியீடு மாறும் வேகத்தைத் திருப்பி அனுப்புவது), கெயின் 0.03, டைம் கான்ஸ்டன்ட் 1 வினாடி. பட்டியலில் இருக்கும் சிறிய எண் 20 மில்லிவினாடி, 5 மில்லிவினாடி ஸ்டெப்புக்கு நான்கு மடங்கு. சரியாக இருக்கிறது போலத் தெரிகிறது. ஆனால் அந்த உள் லூப் மூடியிருக்கிறது. வேகமான மாற்றங்களுக்கு அதன் கெயின் 200-ஐ 0.03-ஆல் பெருக்கினால் வரும் 6. மூடிய லூப்பில் 20 மில்லிவினாடி ஏழில் ஒரு பங்காகி 2.86 மில்லிவினாடி ஆகிவிடுகிறது. 5 மில்லிவினாடியில் விகிதம் 1.75, எல்லையான 2-க்கு ஒட்டி நிற்கிறது. 10 மில்லிவினாடியில் 3.5, வெடிக்கும். பழைய ஸ்டடி ஒன்றை யாராவது பெரிய ஸ்டெப்பில் ஓட்டி, எக்ஸைட்டர் மாடல் மோசம் என்று தூக்கி எறியும்போது பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.

இப்போது அந்தத் தொடக்க நிலைச் செய்தி. இதை எச்சரிக்கை என்று கடந்து போகிறார்கள். என் கணக்கில் மற்ற எல்லாச் செய்திகளையும்விட முக்கியமானது இதுதான். லோடு ஃப்ளோ (ஓட்டத்துக்கு முன் நிலையான வோல்டேஜையும் பவரையும் கணக்கிடுவது) ஒரு சமநிலையைக் கொடுத்திருக்கிறது, கன்ட்ரோலர் அந்தச் சமநிலையில் உட்கார மறுக்கிறது, அதைத்தான் மென்பொருள் சொல்கிறது. எந்த ஃபால்ட்டும், எந்த ஸ்விட்சிங்கும் இல்லாமல் 10 வினாடி ஓட்டுங்கள். எல்லாக் கோடுகளும் தட்டையாக இருக்க வேண்டும். ஒரு கோடு நகர்ந்தாலும் மேலே போகாதீர்கள். எந்த ஸ்டேட்டின் (இன்டக்ரேட்டர் போல மதிப்பை நினைவில் வைப்பதன்) மாறும் வீதம் தொடக்கத்தில் 0-ஆக இல்லை என்று மென்பொருள் பட்டியல் தரும். அதில் பெரிய எண் எதுவோ அங்கிருந்து தொடங்குங்கள்.

பிறகு லூப்பை வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்குப் பின்னோக்கி நடந்து பாருங்கள். உங்கள் ஜெனரேட்டருக்கு லோடு ஃப்ளோ கேட்கும் ஃபீல்டு வோல்டேஜ் 2.1 பெர் யூனிட் என்று வையுங்கள். எக்ஸைட்டர் கெயின் 200. அப்படியானால் அதன் உள்ளீட்டில் 0.0105 பிழை நிரந்தரமாக இருந்தாக வேண்டும். டெர்மினல் வோல்டேஜ் 1.02 என்றால் ரெஃபரன்ஸ் 1.0305. நீங்கள் ரெஃபரன்ஸ் பிளாக்கில் கையால் 1.02 என்று போட்டிருந்தால் பிழை 0, வெளியீடு 0 நோக்கிப் பாயும், ஓட்டம் தொடங்கிய கணமே வோல்டேஜ் சரியும். ரெஃபரன்ஸை நீங்கள் கொடுக்கக் கூடாது, பின்னோக்கிக் கணக்கிட்டு எடுக்க வேண்டும். பவர்ஃபேக்டரி மென்பொருளில் சொந்தமாக மாடல் எழுதுபவர்கள் ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் தொடக்கச் சமன்பாடு எழுதுவது இதற்காகத்தான். இன்டக்ரேட்டரின் தொடக்க மதிப்பு, அந்த நொடியில் அது தர வேண்டிய வெளியீடு.

பின்னோக்கி நடக்கும்போது வழியில் ஒரு லிமிட் முட்டுகிறதா என்று பாருங்கள். 2.1 தேவை, எக்ஸைட்டரின் மேல் எல்லை 2.0 என்றால் எந்த ரெஃபரன்ஸாலும் சமநிலை வராது. டர்பைனின் பவரைக் கட்டுப்படுத்தும் கவர்னரிலும் அப்படித்தான், ஜெனரேட்டர் ஓடும் மெகாவாட் டர்பைனின் உச்சத்துக்கு மேலே இருந்தால் தொடக்கத்திலேயே சிக்கும். இரண்டும் சரி என்றால் எம்விஏ பேஸை, அதாவது பெர் யூனிட்டின் அடிப்படை அளவை, பாருங்கள். டர்பைன் ஒரு பேஸில், ஜெனரேட்டர் வேறொரு பேஸில், சிஸ்டம் 100 எம்விஏவில் என்று இருக்கும் மாடலில் ஒரு பெருக்கல் விட்டுப்போனாலே இந்தச் செய்தி வரும். பிஎஸ்எஸ்-இயில் எக்ஸைட்டரையும் கவர்னரையும் தனித்தனியாகச் சோதிக்கும் ஓட்டங்கள் இருக்கின்றன. முழு நெட்வொர்க்கில் தேடுவதற்கு முன் அவற்றை ஓட்டுங்கள்.

உங்கள் 0.2 வினாடிக்கு இதே தொடக்க நிலைதான் காரணம் என்று நினைக்கிறேன். இன்வெர்ட்டர் இணைவது 0.2-இல். ஆனால் அதன் வோல்டேஜ் பிஐ 0-விலிருந்தே ஓடுகிறது. அந்த 0.2 வினாடியும் பஸ் வோல்டேஜ் ரெஃபரன்ஸிலிருந்து 0.1 பெர் யூனிட் விலகியிருக்கிறது, இன்டக்ரல் கெயின் 50 என்று வைத்தால், இணையும் முன்பே இன்டக்ரேட்டரில் 1.0 பெர் யூனிட் சேர்ந்துவிடும். கதவு திறந்ததும் இன்வெர்ட்டர் முழுக் கரன்டோடு பாய்கிறது. இணைப்புச் சிக்னல் வரும்வரை இன்டக்ரேட்டரை ரீசெட்டில் பிடித்து வையுங்கள். லிமிட்டரை பிஐக்கு வெளியே மட்டும் போடாமல், லிமிட்டில் முட்டியதும் இன்டக்ரேட்டர் நிற்கும்படி செய்யுங்கள். வெளியே மட்டும் லிமிட் இருந்தால் வெளியீடு 1.1-இல் நின்றாலும் உள்ளே 5, 10 என்று ஏறிக்கொண்டே போகும், பிழையின் குறி மாறிய பிறகும் அது கீழே இறங்கி வரும்வரை கன்ட்ரோலர் செத்தது போலக் கிடக்கும். லிமிட்டில் ஒட்டிக்கொள்கிறது என்று நீங்கள் எழுதியதில் பாதி இதுதான். விடுவிக்கும் வரிசையும் முக்கியம்: முதலில் பிஎல்எல் (கிரிட் வோல்டேஜின் கோணத்தைப் பின்தொடரும் பகுதி) பூட்டிக்கொள்ளட்டும், பிறகு கரன்ட் லூப், அது அடங்கிய பின் வோல்டேஜ் லூப். பிஎஸ்கேடில் சிங்க்ரனஸ் மெஷினை முதலில் வோல்டேஜ் சோர்ஸாக ஓடவிட்டு, பிறகு மெஷினாக்கி, கடைசியில் ரோட்டரை விடுவிப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

குறியும் அலகும் சரிதானா என்பதை ஊகிக்காதீர்கள், அளந்து பாருங்கள். லூப்பை ஓர் இடத்தில் அறுத்து, ரெஃபரன்ஸில் 0.01 படி கொடுங்கள், திரும்பி வரும் சிக்னல் எந்தப் பக்கம், எவ்வளவு நகர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள விகிதமே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். 57.3 என்றால் டிகிரியும் ரேடியனும் கலந்திருக்கின்றன. 1.732 என்றால் லைனுக்கும் ஃபேஸுக்கும் குழப்பம். 1.414 என்றால் உச்ச மதிப்பும் ஆர்எம்எஸும். 1.5 என்றால் பார்க் டிரான்ஸ்ஃபார்மின் (மூன்று ஃபேஸை டி, க்யூ என்ற இரண்டு அச்சுகளாக மாற்றுவது) இரண்டு வகைகள் கலந்துள்ளன. 314 என்றால் ஓரிடத்தில் பெர் யூனிட் வேகம், இன்னோரிடத்தில் ரேடியன் கணக்கு. குறி தலைகீழ் என்றால் கரன்டின் திசை, ஜெனரேட்டர் மரபா லோடு மரபா என்று பாருங்கள். டி, க்யூ இரண்டும் இடம் மாறியது போல் தெரிந்தால் ஒரு பிளாக் சைனில் தொடங்குகிறது, மற்றது கொசைனில், நடுவில் 90 டிகிரி.

பிஎல்எல்லில் இந்த அலகுத் தவறு தனி உருவம் எடுக்கும். அதன் லூப் கெயின் உள்ளே வரும் வோல்டேஜின் அளவாலேயே பெருக்கப்படுகிறது. பெர் யூனிட்டுக்காக டியூன் செய்த பிஎல்எல்லுக்கு 11 கேவி பஸ்ஸை வோல்ட்டில் கொடுத்தால், ஃபேஸ் உச்சம் சுமார் 8,980 வோல்ட், கெயின் அத்தனை மடங்கு. கோணத்தை ஃபில்டர் செய்வதும் அடிக்கடி வரும் தவறு: 360-இலிருந்து 0-வுக்குக் குதிக்கும் சிக்னலை ஃபில்டருக்குள் விட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பொய்யான வளைவு வரும். அதிர்வெண்ணை ஃபில்டர் செய்யுங்கள், கோணத்தை விட்டுவிடுங்கள். ஃபால்ட் நொடியில் கோணம் குதிப்பதால் பிஎல்எல் அதிர்வெண்ணில் ஒரு கூர் எழும்பும். அதை மாடலின் குறை என்று அழித்துவிட வேண்டாம். 2016 ஆகஸ்ட் 16 அன்று கலிஃபோர்னியாவில் ப்ளூ கட் காட்டுத்தீயின்போது டிரான்ஸ்மிஷன் லைன் ஃபால்ட்டுகளால் சுமார் 1,200 மெகாவாட் சோலார் உற்பத்தி விழுந்தது. அதில் 700 மெகாவாட் அளவுக்குக் காரணம், அந்த நொடி வோல்டேஜ் வடிவம் சிதைந்தபோது இன்வெர்ட்டர்கள் அதிர்வெண் குறைந்துவிட்டது என்று தவறாகக் கணக்கிட்டதுதான் என விசாரணை அறிக்கை சொன்னது. உங்கள் திரையில் வரும் அந்தக் கூர் நிஜக் கருவியிலும் வரக்கூடும். அது டிரிப் ஆகுமா என்பதுதான் கேள்வி.

இவ்வளவும் முடிந்து, ஸ்டெப்பைப் பாதியாக்கினாலும் அலைவு அசையாமல் அப்படியே இருந்தால், அப்போது அது உண்மையான கன்ட்ரோல் பிரச்சினை, அப்போதுதான் கெயினைத் தொடும் நேரம். அதிர்வெண்ணே எந்த லூப் என்று ஏறக்குறையச் சொல்லிவிடும். 2 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் ரோட்டர், ஏவிஆர், கவர்னர். சில ஹெர்ட்ஸ் முதல் சில பத்து ஹெர்ட்ஸ் வரை என்றால் பிஎல்எல்லும் வெளி லூப்பும், குறிப்பாகக் கிரிட் பலவீனமாக இருக்கும்போது. ஷார்ட் சர்க்யூட் ரேஷியோ (கிரிட்டின் பலத்தை இன்வெர்ட்டரின் அளவோடு ஒப்பிடும் எண்) 3-க்குக் கீழே போனால் பிஎல்எல்லை வேகமாக வைப்பதே பிரச்சினையாகிவிடும். நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸ் என்றால் கரன்ட் லூப்பும் ஃபில்டரின் ரெசனன்ஸும். உள் லூப் வெளி லூப்பைவிட ஐந்து முதல் பத்து மடங்கு வேகமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு திருகுங்கள்.

உங்கள் அமைப்பில் எந்தக் கெயினாலும் தீராத ஒன்று மீதமிருக்கிறது. ஒரே பஸ்ஸை இரண்டு பேர் பிடிக்கிறார்கள். ஏவிஆரின் கெயின் 200, ஆகவே அது கொஞ்சம் வளைந்துகொடுக்கும். இன்வெர்ட்டரின் பிஐ வளைந்துகொடுக்காது, பிழை 0 ஆகும்வரை தள்ளிக்கொண்டே இருக்கும். ஏவிஆர் அடங்க நினைக்கும் வோல்டேஜுக்கும் இன்வெர்ட்டரின் ரெஃபரன்ஸுக்கும் 0.01 வித்தியாசம் இருந்தால் போதும், ஏவிஆர் அந்தப் பிழையை 200-ஆல் பெருக்கி ஃபீல்டை 2 பெர் யூனிட் நகர்த்தப் பார்க்கும், இன்வெர்ட்டர் அதை எதிர்த்து ரியாக்டிவ் கரன்டை லிமிட்வரை தள்ளும். லிமிட்டில் ஒட்டுவதன் மறுபாதி இது. இன்வெர்ட்டரின் வோல்டேஜ் ரெஃபரன்ஸிலிருந்து, அது தரும் ரியாக்டிவ் பவரில் 3 முதல் 5 சதவீதத்தைக் கழிக்கும் ஒரு டிரூப் வையுங்கள். அந்த ரியாக்டிவ் பவர் அளவீடும் ஃபில்டர் வழியாக வரட்டும், இல்லையென்றால் டிரூப்பே புதிய அல்ஜிப்ரெயிக் லூப் ஒன்றைக் கட்டிவிடும்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்: நீங்கள் வைத்த யூனிட் டிலேயை எடுத்துவிட்டு அளவீட்டு ஃபில்டரும் கரன்ட் லூப் தாமதமும், பிறகு 0.2 வரை இன்டக்ரேட்டருக்கு ரீசெட், பிறகு டிரூப். ஒவ்வொன்றுக்குப் பிறகும் 50, 25 மைக்ரோவினாடி இரண்டிலும் ஓட்டி, கோடுகளை ஒன்றன் மேல் ஒன்றாக வையுங்கள். மூன்றும் முடிந்த பிறகும் இரண்டு கோடுகள் விலகினால், விலகத் தொடங்கும் நொடியையும் அந்த நொடியில் லிமிட்டில் இருந்த பிளாக் எது என்பதையும் எழுதுங்கள், அங்கிருந்து பார்க்கிறேன்.